லாட் எண்ணிலிருந்து தொடங்கிய வேலை: வெள்ளத்தில் நனைந்த தரச் சான்றிதழ்களை இணையக் கணக்கிலிருந்து மீட்ட பதிவு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களில் கொட்டிய மழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் திருநெல்வேலி சந்திப்பைச் சுற்றியுள்ள பகுதிகளுக்குள் புகுந்தபோது, எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தரைத்தளத்திலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கருவிகளும் வேதிப்பொருள்களும் மாடியில் இருந்ததால் அவற்றுக்குச் சேதம் இல்லை. ஆனால் அலுவலக அறையில் இருந்த இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த கோப்புகள் முழுவதும் நனைந்துவிட்டன. நாங்கள் வாங்கிய ஒவ்வொரு அமிலத்துக்கும், ஒவ்வொரு தரநிலைக் கரைசலுக்கும், ஒவ்வொரு பாக்டீரியா வளர்ப்பூடகத்துக்கும் உரிய பகுப்பாய்வுச் சான்றிதழ்கள் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தபோது, இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாள்கள் நீலக் கறையாக மாறியிருந்தன. லேசர் பிரிண்டரில் எடுத்தவற்றில் எழுத்து அழியவில்லை என்றாலும், தாள்கள் வண்டலோடு ஒட்டிக் கட்டியாகிவிட்டன. வராந்தாவில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, அந்தக் கட்டுகளைக் காயவைத்துவிட்டு, சான்றிதழ்களை மறுபடியும் நிறுவனங்களின் இணையதளங்களிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் வேலை என்று நினைத்துத் தொடங்கியது, ஐந்து வாரங்கள் நீண்டது. எங்களைப் போன்ற சிறு கூடங்களில் இந்தப் பொறுப்பைப் பார்ப்பவர்களுக்குப் பயன்படும் என்று, நடந்ததை நடந்தபடி இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில், எந்தத் தாளைத் தேடினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வேதிப்பொருளின் பக்கத்துக்குப் போனால் பொதுவாக மூன்று விதமான ஆவணங்கள் இருக்கும். பாதுகாப்புத் தரவுத் தாள் என்பது அந்தப் பொருளைக் கையாளும் முறையைச் சொல்வது. அது எல்லாப் பாட்டில்களுக்கும் ஒன்றுதான். விவரக்குறிப்புத் தாள் என்பது, அந்தப் பொருள் எந்த வரம்புக்குள் இருக்கும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் பொதுவான வாக்குறுதி. அதில் ‘குறைந்தது 99.0 சதவீதம்’ என்று இருக்கும். பகுப்பாய்வுச் சான்றிதழ் மட்டுமே, ஒரு குறிப்பிட்ட லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில், தயாரான பொருளைச் சோதித்து, ‘இந்த லாட்டில் 99.6 சதவீதம் கிடைத்தது’ என்று அளந்த மதிப்பைச் சொல்லும். முதல் இரண்டையும் பொருளின் பெயரை வைத்தே எடுத்துவிடலாம். மூன்றாவதை லாட் எண் இல்லாமல் எடுக்க முடியாது. வேறொரு லாட்டின் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை நம் கோப்பில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

இந்தத் தாளுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று எங்கள் கூடத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது. கடினத்தன்மைச் சோதனையை வைத்து அதற்கு விடை சொன்னேன். கடினத்தன்மையை அளக்கத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் ஈடிடிஏ கரைசலின் வலிமையைக் கால்சியம் கார்பனேட்டை வைத்துத்தான் நிர்ணயிக்கிறோம். ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால், ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கிறது என்று கணக்கு வைக்கிறோம். அந்த லாட்டின் தூய்மை உண்மையில் 99.5 சதவீதமாக இருந்து, அதை நாம் நூறு என்று எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 597 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் நம் அறிக்கையில் 600 என்று வரும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலையின்படி, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு அந்த 600தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளில் உப்பும் கடினத்தன்மையும் வரம்பை ஒட்டி நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்த மூன்று மில்லிகிராம் சிறியதுதான். ஆனால் அது சிறியது என்று சொல்வதற்குக்கூடத் தூய்மை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும், அது சான்றிதழில்தான் இருக்கிறது. பரிசோதனைக் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் 2017 பதிப்பும், அளவீட்டுத் தொடர்பை (நம் அளவீடு ஏற்கப்பட்ட மூல அளவோடு படிப்படியாக இணைந்திருப்பதை) நிறுவுவது பற்றி 6.5 ஆம் பிரிவிலும், வெளியிலிருந்து வாங்கும் பொருள்கள் தகுதியானவைதாமா என்று உறுதி செய்வது பற்றி 6.6 ஆம் பிரிவிலும் இதைத்தான் கேட்கிறது.

வேலையைக் கணினியில் தொடங்கியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. ஒரு நிறுவனத்தின் கணக்கைத் திறந்து, பழைய ஆர்டர்களை வரிசையாகப் பார்த்து, கிடைத்த சான்றிதழ்களை எல்லாம் இறக்கிக்கொண்டே போனோம். மாலையில் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. அவற்றில் பாதி, எப்போதோ தீர்ந்துபோன பாட்டில்களுக்கு உரியவை. அலமாரியில் இப்போது இருக்கும் பாட்டில்களில் எதற்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. அன்றைய கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அலமாரியிலிருந்து தொடங்கினோம்.

எங்களோடு வேலை பார்க்கும் நாங்குநேரித் தம்பி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்தார். நான் பொருளின் பெயர், தயாரிப்பாளர், கேட்லாக் எண் (நிறுவனம் தன் பொருளுக்குக் கொடுக்கும் எண்), லாட் எண், காலாவதி நாள், வந்த நாள், திறந்த நாள் ஆகியவற்றை எக்செல்லில் பதிந்தேன். ஒரே பொருளின் இரண்டு பாட்டில்கள் வேறு வேறு லாட்களாக இருந்தால் இரண்டு வரிகள், ஒரே லாட்டில் ஐந்து பாட்டில்கள் இருந்தாலும் ஒரே வரி என்று வைத்துக்கொண்டோம். வடிதாள், சவ்வு வடிகட்டி, ஏ வகுப்புக் கண்ணாடிக் குடுவைகள் ஆகியவற்றையும் சேர்த்தபோது, பட்டியலில் 71 வரிகள் வந்தன. கணக்குக்குள் தேடப் போவதற்கு முன்பு இந்தப் பட்டியலை முடித்துவிட்டால், மீதி வேலை பாதியாகக் குறையும் என்பதை அனுபவத்தில் கண்டேன்.

எக்செல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். லாட் எண் பதியும் நிரலை, அதாவது மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையை, முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். நான் அதைச் செய்யாமல் பதிந்ததால், சைபரில் தொடங்கிய எண்களின் முன்சைபர்கள் காணாமல் போயின. அதைவிட மோசமாக, எண்களுக்கு நடுவே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வந்த ஒரு லாட் எண்ணை எக்செல் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு, பார்த்தால் அடையாளமே தெரியாத வேறோர் எண்ணாக மாற்றிவிட்டது. பிறகு நிரலை டெக்ஸ்ட் ஆக்கினாலும் இழந்தது திரும்ப வராது. மறுபடியும் பாட்டிலைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். தம்பி எடுத்துவைத்த படங்கள் அன்று பெரிதும் கைகொடுத்தன.

அடுத்து வந்தது கணக்குக்குள் நுழையும் சிக்கல். நாங்கள் அதிகமாக வாங்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்களிடமிருந்து விலகிச் சென்ற ஊழியரின் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் பதிவாகியிருந்தது. கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் ஓடிபி அவருக்குப் போகும். அவர் நல்ல மனிதர், கேட்டால் சொல்லியிருப்பார்; ஆனால் ஒரு கூடத்தின் கணக்கு அங்கே வேலையில் இல்லாதவரின் கைப்பேசியை நம்பி இருப்பது முறையல்ல என்று தோன்றியதால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினோம். கூடத்தின் லெட்டர்பேடில் பொறுப்பாளர் கையெழுத்திட்ட கடிதம், ஜிஎஸ்டி எண், பழைய பில் ஒன்றின் நகல், பில்லின் மேல் மூலையில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். அனுப்பிய பிறகு கணக்கு எங்கள் கைக்கு வர ஒன்பது நாள்கள் ஆயின. இந்த முறை தனிநபர் மின்னஞ்சலைக் கொடுக்காமல், கூடத்துக்கென்று உள்ள பொது மின்னஞ்சலையும், அலுவலகத்திலேயே இருக்கும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தோம். மற்ற இரண்டு நிறுவனங்களிலும் கணக்கு என் பெயரிலேயே இருந்ததால் சிரமம் இருக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் பழைய ஆர்டர்களின் பட்டியல் மிகச் சிறியதாக இருந்ததைப் பார்த்துத் திகைத்தேன். இரண்டு ஆண்டுகளில் நாற்பது ஆர்டர்களாவது கொடுத்திருப்போம். திரையில் நான்குதான் இருந்தன. அந்தப் பக்கம் இயல்பாகவே கடந்த மூன்று மாதங்களை மட்டும் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும், மேலே உள்ள தேதிக் கட்டத்தில் தொடக்க நாளை மாற்றினால் பழையவையும் வரும் என்பதும் சற்று நேரம் கழித்தே புரிந்தது. அதேபோல், தேடும் கட்டத்தில் எங்கள் கொள்முதல் ஆணை எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. நிறுவனம் தன் கணினியில் கொடுத்த ஆர்டர் எண்ணைப் போட வேண்டும். அந்த எண் பில்லிலும், பெட்டிக்குள் வரும் பேக்கிங் சீட்டிலும் இருக்கும். எங்கள் பில்கள் கணக்குப்பிள்ளையிடம் மாடியில் இருந்ததால் வெள்ளத்திலிருந்து தப்பியிருந்தன. அவை இல்லையென்றால் இந்த வேலை இன்னும் நீண்டிருக்கும்.

ஒரு ஆர்டரைத் திறந்தால், அதில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி இருக்கும். வரியின் ஓரத்தில் ஆவணங்களுக்கான இணைப்பு இருக்கும். இன்னும் அனுப்பப்படாத ஆர்டரில் அந்த இணைப்பு வேலை செய்யாது. காரணம் எளிது: கிடங்கில் பாட்டிலை எடுத்துப் பெட்டியில் வைக்கும்போதுதான் அது எந்த லாட் என்று முடிவாகிறது, அதற்கு முன்பு நிறுவனத்துக்கே அது தெரியாது. இதை அறியாமல், ஆர்டர் கொடுத்த அன்றே சான்றிதழைக் கேட்டு நான் முன்பு ஒரு முறை கடுமையாக மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்.

இணைப்பைச் சொடுக்கியதும் எதுவும் நடக்கவில்லை என்றால், உலாவியின் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் புதிய சாளரத்தில் திறக்கும். உலாவி அதை விளம்பரம் என்று எண்ணித் தடுத்துவிட்டு, சின்ன அடையாளம் ஒன்றை மட்டும் காட்டும். அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பிடிஎஃப் திறந்த பிறகு, அதைச் சேமிப்பதற்கு இறக்கும் அம்புக்குறியைத்தான் பயன்படுத்த வேண்டும். தம்பி முதல் நாளில், பழக்கத்தின் காரணமாக, அச்சிடும் கட்டளையைக் கொடுத்து அதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்திருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மூலக் கோப்பில் மின்னணுக் கையொப்பம் இருந்தால், அச்சிட்டுச் சேமித்த நகலில் அது வெறும் படமாகிவிடும், அதைச் சரிபார்க்க முடியாது. அப்படிச் சேமித்தவற்றை எல்லாம் மறுபடியும் இறக்கினோம்.

கோப்பின் பெயர் எங்களை ஒரு முழு மாலை வேளை அலைக்கழித்தது. ஒரு தளத்திலிருந்து இறங்கிய எல்லாச் சான்றிதழ்களும் ஒரே பெயரோடு, பின்னால் 1, 2, 3 என்ற எண்கள் மட்டும் மாறி இறங்கின. பதினேழு கோப்புகளை இறக்கிய பிறகு பெயர் மாற்றலாம் என்று நினைத்தோம்; ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, பட்டியலோடு ஒப்பிட்டபோது, இரண்டு கோப்புகள் ஒரே சான்றிதழ் என்றும், ஒன்று இறங்கவே இல்லை என்றும் தெரிந்தது. அதிலிருந்து ஒரு கோப்பை இறக்கியதும், அடுத்ததைத் தொடுவதற்கு முன்பே பெயர் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வந்த நாள், பொருளின் பெயர், கேட்லாக் எண், லாட் எண் என்ற வரிசையில் பெயர் வைக்கிறோம். நாளை எழுதும்போது ஆண்டு, மாதம், தேதி என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பாடமாக அமைந்தது ஒரு நைட்ரிக் அமில ஆர்டர். உலோகங்களைச் சோதிக்க எடுத்த தண்ணீர் மாதிரியைக் கெடாமல் வைப்பதற்கு, அதன் பிஎச் இரண்டுக்குக் கீழே வரும்படி உயர்தூய்மை நைட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். அந்த அமிலத்திலேயே ஈயம் இருந்தால், அது மாதிரியில் இருந்த ஈயமாகவே அறிக்கையில் வந்துவிடும். குடிநீரில் ஈயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். ஆகவே இந்த அமிலத்தின் சான்றிதழில் ஒவ்வோர் உலோகத்துக்கும் எதிரே கொடுத்திருக்கும் மதிப்பை நாங்கள் கவனமாகப் பார்ப்போம். ஒரே ஆர்டரில், ஒரே வரியில் நான்கு பாட்டில்கள் வாங்கியிருந்தோம். இணைப்பைச் சொடுக்கியபோது ஒரு சான்றிதழ் வந்தது. பெயரும் கேட்லாக் எண்ணும் சரியாக இருந்தன. தளத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த வரியை முடித்துவிட்டு நகர்ந்திருப்போம். பட்டியலைப் பார்த்தால் எங்களிடம் மூன்று பாட்டில்கள் ஒரு லாட்டாகவும், நான்காவது வேறொரு லாட்டாகவும் இருந்தன. கிடங்கில் ஒரு லாட் தீர்ந்து, அடுத்த லாட்டிலிருந்து ஒன்றை எடுத்து நான்காக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஆர்டர் பக்கத்தின் இணைப்பு முதல் லாட்டை மட்டுமே காட்டியது. இரண்டாவது லாட்டின் சான்றிதழை, லாட் எண்ணைக் கொண்டு தேடும் தனிப் பக்கத்திலிருந்து எடுத்தோம். இரண்டிலும் ஈயத்தின் மதிப்பு வேறாக இருந்தது. இரண்டும் எங்களுக்குப் போதுமான தூய்மைதான் என்றாலும், இரண்டையும் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடிந்தது.

இப்படியாக மூன்று நிறுவனங்களின் கணக்குகளிலிருந்தும் 38 வரிகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மீதி 33 வரிகளில் பெரும்பாலானவை எந்தக் கணக்கிலும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை: அவற்றை நாங்கள் நேரடியாக வாங்கவில்லை, ஊரில் உள்ள விநியோகஸ்தர் மூலம் வாங்கியிருந்தோம். நிறுவனத்தைப் பொறுத்தவரை வாங்கியவர் அவர். ஆர்டர் அவருடைய கணக்கில்தான் பதிவாகியிருக்கும். தொலைபேசியில் கூப்பிட்டபோது, வெள்ளத்தில் அவருடைய கிடங்கிலும் சேதம் ஏற்பட்டிருந்த நிலையிலும், “அம்மா, நீங்க வாங்குனது எல்லாம் என் கணக்குலதான் கெடக்கும், பில் நம்பர மட்டும் வரிசையா எழுதி அனுப்புங்க, எடுத்து அனுப்பிருதேன்” என்றார். ஆனால் அண்ணாச்சி ஒரு லாட்டில் இருபது பாட்டில்கள் எடுத்துப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பவர்; எங்கள் பில்லில் இருக்கும் பொருள் எந்த லாட்டிலிருந்து வந்தது என்பதை அவருடைய கணக்கிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் பாட்டில் மேல் இருக்கும் லேபிள்தான் அதைச் சொல்லும். எனவே அவரைச் சிரமப்படுத்தாமல், கேட்லாக் எண்ணையும் லாட் எண்ணையும் கேட்கும் பொதுத் தேடல் பக்கத்துக்கே போனோம். பல நிறுவனங்களில் இந்தப் பக்கத்துக்கு லாகின்கூடத் தேவையில்லை.

இந்தப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தாலும், ‘கிடைக்கவில்லை’ என்ற விடையைப் பலமுறை பார்த்தோம். கேட்லாக் எண்ணின் இறுதியில் ஒரு சிறு கோட்டுக்குப் பிறகு வரும் பகுதி, பாட்டிலின் அளவைக் குறிப்பது; ஐந்நூறு கிராம், இரண்டரை லிட்டர் என்பதைச் சொல்லும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, முன்பகுதியை மட்டும் இட்டபோது பலவும் கிடைத்தன. இன்னொரு காரணம் எழுத்துகள். ஒரு பிஎச் பஃபர் கரைசலின் லாட் எண்ணை நான்கு முறை இட்டும் வராமல், பாட்டிலையே கொண்டுவரச் சொன்னேன். தம்பி அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அக்கா, அது சைபர் இல்ல, ஓ மாதிரில்லா இருக்கு” என்றார். எழுத்தாக மாற்றி இட்டதும் சான்றிதழ் வந்தது. அதன் பிறகு, ஒன்றா ஆங்கில ‘ஐ’யா, ஐந்தா ‘எஸ்’ஸா, எட்டா ‘பி’யா என்ற ஐயங்களை எல்லாம், அதே நிறுவனத்தின் வேறு பாட்டில்களில் அந்த இடத்தில் எண் வருகிறதா எழுத்து வருகிறதா என்று ஒப்பிட்டுத் தீர்த்துக்கொண்டோம். ஒரு நிறுவனம் தன் லாட் எண்களை ஒரே அமைப்பில்தான் அச்சிடும். இந்த வழியில் 24 சான்றிதழ்கள் கிடைத்தன.

இறக்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, நான் படிக்க, தம்பி பாட்டிலைப் பார்த்துச் சரி சொன்னார். லாட் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா, எல்லாப் பக்கங்களும் வந்திருக்கின்றனவா, அளந்த மதிப்பு இருக்கிறதா அல்லது வரம்பு மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு கோப்புகளில் வரம்பு மட்டுமே இருந்தது. அவை சான்றிதழ் என்ற பெயரில் வந்த விவரக்குறிப்புத் தாள்கள் என்று தெரிந்து, ஒதுக்கி வைத்து மறுபடியும் தேடினோம். வளர்ப்பூடகங்களில் மக்கான்கி திரவ ஊடகத்தின் சான்றிதழில், ஏடிசிசி 25922 என்ற, சோதனைக்கென்று பயன்படுத்தும் ஈ.கோலை பாக்டீரியா வகையை இட்டு அது வளர்ந்து அமிலமும் வாயுவும் உண்டாக்கியதா என்ற சோதனை முடிவு இருக்க வேண்டும், அது இருந்தது. கண்ணாடிக் குடுவைகளில் லாட்டுக்கு ஒரு சான்றிதழ் என்பதும் உண்டு, குடுவைக்கு ஒன்றாகத் தனி வரிசை எண்ணோடு வருவதும் உண்டு. எங்களிடம் இரண்டு வகையும் இருந்தன.

சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்களுக்கு, அதாவது நம் அளவீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மதிப்பை உறுதி செய்து விற்கப்படும் பொருள்களுக்கு, இன்னும் அதிக நேரம் செலவிட்டோம். ஃபுளோரைடு தரநிலைக் கரைசலின் லேபிளில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்று இருக்கும். சான்றிதழிலோ அந்த லாட்டின் உண்மையான மதிப்பு 1002 என்றும், அதன் நிச்சயமின்மை கூட்டல் கழித்தல் 5 என்றும், அது ‘கே’ மதிப்பு 2 (சுமார் 95 சதவீத நம்பிக்கை) என்ற அடிப்படையில் கணக்கிட்டது என்றும் இருந்தது. எங்கள் கணக்கீட்டுத் தாளில் 1000 என்றே பதிந்திருந்ததை இந்தச் சமயத்தில்தான் கண்டுபிடித்துத் திருத்தினேன். தயாரிப்பாளர் ஐஎஸ்ஓ 17034 தரநிலைப்படி அங்கீகாரம் பெற்றவரா என்பதும், மதிப்பு எந்தத் தேசிய அளவீட்டு நிறுவனத்தின் பொருளோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது என்பதும், திறக்காத பாட்டிலுக்கும் திறந்த பாட்டிலுக்கும் தனித்தனியாக எவ்வளவு காலம் செல்லும் என்பதும் அதே தாளில்தான் இருக்கின்றன.

ஒரு ஒப்பீட்டுப் பொருளின் சான்றிதழில் விசித்திரமான வேறுபாடு ஒன்று இருந்தது. காய்ந்த கட்டிலிருந்து பிரித்தெடுத்த பழைய தாளில் காலாவதி நாள் ஒன்றாகவும், தளத்திலிருந்து இப்போது இறங்கிய சான்றிதழில் அதைவிட ஓராண்டு தள்ளியும் இருந்தன. லாட் எண் ஒன்றுதான். கீழே பொடி எழுத்தில் பதிப்பு எண் மாறியிருந்தது. தயாரிப்பாளர் இருப்பில் உள்ள லாட்டை மறுபடியும் சோதித்து, அது நிலையாக இருப்பதைக் கண்டு, காலத்தை நீட்டித்துச் சான்றிதழை மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறார். இப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் பழைய பதிப்பைத் தூக்கிப் போடக் கூடாது. நாங்கள் முன்பு கொடுத்த அறிக்கைகள் எந்தப் பதிப்பை நம்பிக் கொடுக்கப்பட்டவையோ, அந்தப் பதிப்பும் கோப்பில் இருக்க வேண்டும். பழைய தாளை ஸ்கேன் செய்து, இரண்டையும் பதிப்பு எண்ணோடு சேர்த்து வைத்தோம்.

மீதி 9 வரிகளுக்குத் தளத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாமே நெடுங்காலத்துக்கு முன்பு வாங்கிய லாட்கள். அந்தந்த நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு, கேட்லாக் எண், லாட் எண், லேபிளின் படம், பில் நகல் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் வைத்து, ஒரு பொருளுக்கு ஒரு மின்னஞ்சல் என்று எழுதினேன். முன்பு பலவற்றைச் சேர்த்து எழுதியபோது முதலாவதற்கு மட்டும் பதில் வந்த அனுபவம் உண்டு. ஆறு சான்றிதழ்கள் வந்தன. மூன்றுக்கு, அந்த லாட்டின் ஆவணம் தங்களிடம் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

அந்த மூன்றில் ஒன்று, காலாவதியான அம்மோனியம் உப்பு, அதைக் கழித்துக்கட்டினோம். இன்னொன்று, குளோரைடு சோதனையில் முடிவுப் புள்ளியைக் காட்டப் பயன்படும் பொட்டாசியம் குரோமேட். நிறம் மாறும் இடத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை, கணக்கில் அதன் தூய்மை நுழைவதில்லை. குளோரைடு இல்லாத தண்ணீரைக் கொண்டு வெற்றுச் சோதனையும், அளவு தெரிந்த சோடியம் குளோரைடு கரைசலைக் கொண்டு ஒப்பீட்டுச் சோதனையும் செய்து, முடிவைப் பதிந்து, அந்தப் பதிவையே அதன் கோப்பில் வைத்தோம். மூன்றாவது, நான் முன்பு சொன்ன கால்சியம் கார்பனேட். சான்றிதழ் இல்லாமல் அதை வைத்து ஈடிடிஏவை நிர்ணயிக்க முடியாது என்பதால், ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பயன்படுத்தும் அலமாரிக்கு மாற்றினோம்.

இப்போது எல்லாக் கோப்புகளும் கூடத்தின் கணினியிலும், இணையச் சேமிப்பிலும், மேட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலும் என மூன்று இடங்களில் இருக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் சான்றிதழ் எண் என்று ஒரு நிரலைச் சேர்த்திருக்கிறோம். அது நிரம்பாமல் பாட்டில் அலமாரிக்குப் போகாது. பெட்டி பிரிக்கும் அன்றே, லேபிளைப் படம் எடுத்து, கணக்கில் நுழைந்து, லாட்டுக்கு ஒன்றாக இறக்கிவிடுவதால், ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை.

பிப்ரவரியில், காய்ந்த கட்டுகளில் கடைசியாக இருந்ததை பேனாக் கத்தியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தபோது, அந்தக் கால்சியம் கார்பனேட்டின் சான்றிதழ் கிடைத்தது. லாட் எண்ணும் தூய்மையும் தெளிவாக இருந்தன. ஆனால் கீழ்ப்பகுதி சேற்றோடு கிழிந்துபோய், வெளியிட்ட நாளும் கையொப்பமும் இல்லை. தம்பி மகிழ்ச்சியோடு அந்தப் பாட்டிலை மறுபடியும் பழைய அலமாரிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டார். தயாரிப்பாளரே ஆவணம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது, பாதித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்தின் தண்ணீரைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வேண்டாம் என்று சொன்னேன். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, பழைய அறிக்கைகளுக்கான கோப்பில் வைத்துவிட்டு, புதிய பாட்டில் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தோம். அது வந்த அன்று மாலையே, தம்பி தாமாகவே கணக்கில் நுழைந்து, லாட் எண்ணை இருமுறை சரிபார்த்து, சான்றிதழை இறக்கிப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, பதிவேட்டை என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்.